பெயர்வழிப் பயணம் – 9: இரண்டு கால்டுவெல்கள்

கால்டுவெல் என்றதும் நமக்கு இலக்கணம் நினைவுக்கு வரும். கல்லணை ஆவணங்களைப் புரட்டுகிறவர்களுக்கோ வேறொரு கால்டுவெல் எதிர்ப்படுவார். 1804-இல் காவிரியை ஆராய அமர்த்தப்பட்ட ராணுவப் பொறியாளர், கேப்டன் கால்டுவெல். தண்ணீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய்விடுகிறது, தஞ்சை வயல்களுக்கு மிஞ்சுவது சொற்பம் என்று கண்டு, கல்லணையின் மேல் 27 அங்குலம் உயரத்துக்குக் கல் வைத்தார்.

1841-இல் இன்னொரு கால்டுவெல் அதே மண்ணை மிதித்தார். மதராஸிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே கிளம்பிய 27 வயது ராபர்ட். தரங்கம்பாடியில் அப்போது டேனிஷ் கொடிதான் பறந்தது. அதைக் கடந்து, தஞ்சாவூர் வழியாக, நீலகிரியும் ஏறி இறங்கி, கடைசியில் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1856-இல்.

குடும்ப மரம் வரைகிற ஆர்வக்காரர்கள் தடுக்கி விழுவது இந்த மாதிரி இடத்தில்தான். ஒரே பெயர், ஒரே ஆறு, இடையில் 37 ஆண்டு. பெரியப்பா, தம்பி மகன் என்று கோடு இழுக்கக் கை துறுதுறுக்கும். இழுக்கக் கூடாது. ஏனென்றால் கால்டுவெல் என்பது வம்சத்தின் பெயரல்ல, ஊரின் பெயர்.

கிளாஸ்கோ நகருக்குத் தென்மேற்கே, ரென்ஃபுரூஷயரும் அயர்ஷயரும் தொடுகிற எல்லையில் கால்டுவெல் என்ற நிலம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பல நூற்றாண்டுகள் அந்தப் பண்ணைக்கு உடையவர்களாக இருந்தவர்கள் மியூர் குடும்பத்தார். நிலம் ஒருவருக்கு, பெயர் ஊரை விட்டுப் போனவர்களுக்கு. இதில் வியக்க ஒன்றுமில்லை. வலங்கைமானில் இருக்கிறவரை யாரும் ஒருவரை ‘வலங்கைமான்காரர்’ என்று கூப்பிடுவதில்லை. கும்பகோணத்தில் கடை போட்ட பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். அந்த ஊரிலிருந்து தொடர்பே இல்லாத பத்துக் குடும்பங்கள் வெளியேறியிருந்தாலும் பத்துக்கும் அதே பெயர் வாய்த்திருக்கும்.

உ.வே.சா.வின் ‘உ’ பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரம்; ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். ஸ்காட்லாந்தில் இந்த இரண்டு வேலையும் தனித்தனியாக நடந்தன. தாழ்நிலத்தார் பலர் ஊரைச் சூடினார்கள். மலைநாட்டார் தந்தையைச் சூடினார்கள்: நம் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சியின் பெயருக்கு ‘கொய்ன்யக்கின் மகன்’ என்பதே பொருள். முன்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறிய இந்த ‘மக்’ பிற்பாடு அப்படியே உறைந்துவிட்டது. நம் இனிஷியல் உறையாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ராபர்ட்டின் முன்னோரைத் தேட ஆவணம்தான் வழி. அவர் 1814-இல் பிறந்தது ஸ்காட்லாந்தில்கூட இல்லை. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், ஏழை ஸ்காட்டியப் பெற்றோருக்கு. பத்து வயதுவாக்கில்தான் குடும்பம் கிளாஸ்கோ திரும்பியது. 1821-இல் அயர்லாந்தில் வீடு வீடாகப் பெயரும் வயதும் எழுதி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஏழு வயதுப் பையனாக அவர் அதில் இருந்திருக்க வேண்டும். ஆனால் 1922 ஜூன் 30-இல், உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் அந்த ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஸ்காட்லாந்திலோ அரசின் பிறப்பு, இறப்புப் பதிவே 1855-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகளே கதி.

இந்தியாவுக்கு வந்த பிறகு தடம் தெளிவாகிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. 1838-இல் வந்திறங்கிய அவரை அனுப்பிய லண்டன் மிஷன் சங்கத்தின் தாள்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில். 1841-இல் அவர் மாறிச் சேர்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டில். மதராஸ் மாகாணத்துத் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலிசாவை அவர் மணந்தது 1844-இல். அந்த வீட்டுக் கிளையைத் தேடுபவர்கள் மால்ட் என்ற பெயரையும் விடக் கூடாது.

தமிழ்நாட்டில் அவருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்தது: ‘கால்டுவெல் ஐயர்’. பாதிரியார்களை ஐயர் என்றழைத்த வழக்கம் தெரியாத வருங்காலக் குடும்ப மர ஆய்வாளர் அதை வைத்து என்னென்ன கோடு இழுப்பாரோ!

அடுத்த வாரம்: 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்த ரயிலும், அதனோடு வந்த பெயர்களும்.