ஒரு குண்டா மூட்டிற்று உலகப் போரை?

1914, ஜூன் 28. ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ. காரிலே வருகிறார் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டு. பக்கத்திலே துணைவியார் சோபி. தெருவோரத்திலே நிற்கிறான் 19 வயது இளைஞன், காவ்ரிலோ பிரின்சிப். இருமுறை சுடுகிறான். இருவரும் சாய்கின்றனர்.

"அவன் சுட்டான், அதனால் உலகப் போர் மூண்டது" என்று பள்ளியிலே நமக்குப் பாடம் சொன்னார்கள். தோழர்களே, கேட்கிறேன்: தீக்குச்சி கிழித்தவன் அவன், சரி. வைக்கோற்போரை அடுக்கி, எண்ணெயும் ஊற்றி வைத்தவர்கள் யார்?

1871-இலே பிரான்சை வென்ற ஜெர்மனி, அல்சாஸ், லொரேன் பகுதிகளைப் பறித்தது. பிரான்சின் நெஞ்சிலே நெருப்பு! 1879-இலே ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கைகோத்தன. 1894-இலே பிரான்சும் ரஷ்யாவும் கூடின. 1904-இலும் 1907-இலும் பிரிட்டன் அவற்றோடு இணக்கம் கண்டது. 1906-இலே 'டிரெட்நாட்' போர்க்கப்பலை மிதக்கவிட்டது பிரிட்டன். நானும் கட்டுவேன் என்றது ஜெர்மனி. மொராக்கோ யாருக்கு என்று 1905-இலும் 1911-இலும் முறைத்துக்கொண்டனர். மொராக்கோ மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை! 1908-இலே போஸ்னியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது ஆஸ்திரியா, குமுறிற்று செர்பியா.

அடுக்கியாயிற்று. இனி ஒரு பொறிதானே வேண்டும்!

ஜூலைத் தொடக்கத்திலே, "என்ன செய்தாலும் உன் பக்கம் நான்" என்ற உறுதியை ஆஸ்திரியாவுக்குத் தந்தது ஜெர்மனி. ஜூலை 23: செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கியது. இருந்தும் 28-இலே போர் அறிவிப்பு! 30-இலே ரஷ்யா படை திரட்ட ஆணையிட்டது. ஜெர்மனியின் திட்டமோ முதலிலே பிரான்சை முறியடிப்பது, வழி பெல்ஜியம். படை ஏற்றும் ரயில்களுக்கு நேரம்கூடக் குறித்தாயிற்று. ஆகஸ்டு 4-இலே பெல்ஜியத்துள் நுழைந்தது ஜெர்மன் படை. அன்றே பிரிட்டனும் இறங்கியது.

தடுக்க ஆளில்லையா? இருந்தனர். 1912-இலே பாசல் நகரிலே கூடிய சோஷலிஸ்டுகள், போரைத் தடுப்போம் என்று தீர்மானம் போட்டனர். அதற்காகப் பாடுபட்ட ழான் ஜோரேஸ், 1914 ஜூலை 31-இலே பாரிசிலே சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில், ஜெர்மன் நாடாளுமன்றத்திலே, போர்ச் செலவுக்கு ஆதரவாக வாக்களித்தது தொழிலாளர் நம்பிய சோஷல் டெமாக்ரடிக் கட்சி! தாயகத்துக்கு ஆபத்து என்ற கூச்சலிலே தீர்மானம் கரைந்தது. சுரங்கத் தொழிலாளியைச் சுட்டான் சுரங்கத் தொழிலாளி.

நம்மையும் கேட்கவில்லை. பிரிட்டன் இறங்கியது; அடிமை இந்தியா இழுக்கப்பட்டது. செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று ஜெர்மன் கப்பல் எம்டன். கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோமே, அந்தப் பெயர்தான்! பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்தனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போர் இடிபோல வானத்திலிருந்து விழுவதில்லை, தோழர்களே! ஆண்டுக்கணக்கிலே, அறைக்குள்ளே, ஒப்பந்தம் ஒப்பந்தமாக அடுக்கப்படுகிறது. குண்டு வெடித்தபின் குமுறிப் பயனில்லை. அடுக்கும்போதே கேட்க வேண்டும்: யாருக்காக இது? உயிர் கொடுப்பவன் எவன்?