பிள்ளை ஏற்கச் செல்வோரும் இரவல் மூட்டையும்

வழிப்பயணத்துக்கு வேண்டிய பொருள்களை இரவல் பெறுவதை நம் மக்கள் என்றும் குறைவாக எண்ணியதில்லை. நாம் பிறந்து வளர்ந்த சூரியநெல்லியில் இதனைக் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலுக்கு அண்மையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்துள்ளது அவ்வூர். அங்கிருந்து ஜீப் ஏறித்தான் கொழுக்குமலைத் தோட்டத்துக்குச் செல்லவேண்டும். ஆனால் அத்தோட்டமோ தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. நிலம் ஒரு மாநிலத்திலும் அதற்குரிய வழி மற்றொரு மாநிலத்திலுமாக இருக்கும் அவ்விடத்தில், இது உன்னுடையது, இது என்னுடையது என்னும் கணக்கு மிகக் கறாராக நடைபெறுவதில்லை.

லயன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வரிசை முழுவதற்கும் பூட்டுச் சரியாக விழும் டிரங்குப் பெட்டி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். போடிக்கோ தேனிக்கோ திருநெல்வேலிப் பக்கமோ கலியாணத்துக்குப் புறப்படுபவர் அதனைக் கேட்டு வாங்கிச் செல்வார். கம்பளியும் அவ்வாறே கைமாறும். மழையும் குளிரும் தாங்குவதற்குக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றைத் தொழிலாளர்க்கு அளிக்க 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே வகை செய்யப்பட்டிருந்தது. சட்டத்தால் வந்த கம்பளி அண்டை வீட்டுப் பிள்ளையைப் போர்த்தவும் உதவியது என்பது சட்டம் இயற்றியோர் அறியாத செய்தி. இரவல் பெட்டியைத் திருப்பும்போது வெறுமையாகத் தருவதில்லை. நான்கு முறுக்காவது, ஒரு கவுளி வெற்றிலையாவது உள்ளே இருக்கும்.

இந்தப் பழக்கம் முற்றிலும் வேறானதோர் இடத்திலும் வழங்கி வந்திருக்கிறது. அயல்நாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்கச் செல்லும் குடும்பங்கள் பெட்டி, தள்ளுவண்டி, குழந்தையைச் சுமக்கும் தூளி முதலியவற்றைத் தமக்குள் இரவலாகக் கொடுத்து வாங்குகின்றன. முதன்முறை இதனைக் கேள்வியுற்றபோது நமக்கும் சற்றே வியப்பாக இருந்தது. விமானச் சீட்டுக்குப் பெரும்பொருள் செலவிடக்கூடியவர் ஒரு தள்ளுவண்டி வாங்கமாட்டாரா என்றே எண்ணினோம். ஆராய்ந்து பார்த்தால் காரணம் பணம் மட்டும் அன்று என்பது விளங்கும்.

வயிற்றில் வளரும் பிள்ளைக்குப் பத்து மாதம் என்னும் கணக்கு உண்டு. பிறக்கும்போது அதன் அளவு ஏறக்குறைய எவ்வளவு என்பதும் யாவரும் அறிந்ததே. தத்து வரும் பிள்ளைக்கோ இவ்விரண்டும் இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தபின் திடீரென ஒரு நாள் செய்தி வரும். வரும் குழந்தை ஆறு மாதத்ததாக இருக்கலாம். நான்கு வயதினதாகவும் இருக்கலாம். எடையும் உயரமும் குறித்த தாள் வந்தாலும் அது சில மாதங்களுக்கு முன் எழுதப்பட்டதாக இருக்கும். அதனை நம்பிச் சட்டை வாங்கினால் போய்ச் சேரும்போது அது போதாது. பயணமோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். அதற்கென்றே வாங்கும் பொருள்களில் பாதி, வீடு திரும்பியபின் பரணுக்குத்தான் ஏறும்.

சீன நாட்டின் நிகழ்ச்சி இதற்குச் சிறந்த சான்றாகும். 1992 ஆம் ஆண்டு முதல் அந்நாடு தன் குழந்தைகளை வெளிநாட்டார் தத்தெடுக்க இசைந்தது. 2024 ஆம் ஆண்டில் அத்திட்டம், நெருங்கிய உறவினர்க்கு ஒழிய, முடிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிற நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அமெரிக்காவுக்குச் சென்றவர்கள். 2005 ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கா சென்றோர் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் அளவினர். முதலில் ஒரு மாகாணத் தலைநகரில் குழந்தையை ஏற்றுக்கொண்டு, பிறகு விசா பெறுவதற்காக அமெரிக்கக் குடும்பங்கள் அனைத்தும் குவாங்சௌ நகருக்கு வந்தாக வேண்டும். கான்டன் என்று பழைய பூகோள நூல்களில் நாம் படித்த நகரந்தான் அது. அங்கே முத்து நதியின் ஓரத்தில் ஷாமியான் என்றொரு சிறு தீவு. அமெரிக்கத் துணைத் தூதரகம் பல்லாண்டுகள் அத்தீவில் இருந்தமையால், 1983 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 'வெள்ளை அன்னம்' என்னும் ஓட்டல் இக்குடும்பங்களின் தங்குமிடமாகவே ஆயிற்று.

அத்தீவின் கடைக்காரர்கள் தள்ளுவண்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தையுடன் வந்தவர்க்கு வாடகையின்றியே இரவல் கொடுத்தனர். வண்டியை எடுத்துச் செல்பவர் திருப்பித் தர வரும்போது ஒரு பட்டுச் சட்டையோ ஒரு பொம்மையோ வாங்கிச் செல்வார் என்னும் வாணிகக் கணக்கும் அதில் இருந்தது. அதனை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. பெட்டியுடன் முறுக்குத் திரும்பும் ஊரிலிருந்து வந்தவர்க்கு இக்கணக்கு எளிதில் புரியும்.

புறப்படுவதற்கு முன்னரே தம் ஊரில் இரவல் பெறும் பொருள்களும் பல. சீனத்தின் உள்நாட்டு விமானங்களில் ஒருவர்க்கு இருபது கிலோ அளவே சுமை இசைவு என்பதனால், எடை குறைந்த பெட்டிக்குப் பெருமதிப்பு. குழந்தை இல்லத்துக்குச் செலுத்தவேண்டிய நன்கொடையைப் புதுநோட்டுகளாகவே கொண்டு செல்லவேண்டியிருந்தமையால், சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பணப்பையும் கைமாறிய பொருள்களுள் ஒன்றாயிற்று. சென்று திரும்பியவரின் பை அடுத்துச் செல்பவரிடம் போகும். பையைக் கொடுக்க வந்தவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவார். எந்த மாதத்தில் எவ்வளவு குளிர், குழந்தை முதல் இரவு எவ்வளவு அழுதது, தெருவில் செல்லும் சீனப் பாட்டிமார் 'இன்னும் ஒரு சட்டை போடு' என்று எவ்வாறு கடிந்துகொண்டனர் என்பனவெல்லாம் அப்பையோடு சேர்ந்து வரும். அச்சில் வந்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு கிடைப்பதில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன என்று நேயர்கள் கேட்கலாம். இங்கிருந்தும் குழந்தைகள் பிற நாடுகளுக்குச் செல்கின்றனர். முறைகேடுகள் நிகழ்வதாக வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை ஏற்று விசாரித்த உச்சநீதிமன்றம், 1984 ஆம் ஆண்டில் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. பல நாடுகள் கூடி 1993 ஆம் ஆண்டில் ஹேக் நகரில் செய்த உடன்படிக்கையை இந்தியா 2003 ஆம் ஆண்டில் உறுதி செய்தது. மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையமே இதற்குப் பொறுப்பானது. டில்லி வாழ் தமிழர் மலை மந்திர் முருகனை வணங்கச் செல்லும் அதே இராமகிருஷ்ணபுரத்தில் அதன் அலுவலகம் பல்லாண்டுகள் இயங்கி வந்திருக்கிறது. எதிரே நடந்து செல்பவர் அறியமாட்டார். முதலுரிமை இந்நாட்டில் வாழும் பெற்றோர்க்கும் வெளிநாடு வாழ் இந்தியர்க்கும் உண்டு. ஆதலின் அயல்நாட்டார்க்கு அமைவோர் பெரும்பாலும் வயது கூடிய குழந்தைகளும் சிறப்பான மருத்துவக் கவனிப்பு வேண்டுவோருமே ஆவர். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தள்ளுவண்டி எதற்கு? தன் தோளில் தானே மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு பை அதற்குப் போதும். அதனுள் தன் பொருள் என்று நான்கு இருந்தால், விமானத்தில் அது கையை விட்டு அகலாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

எதனை இரவல் வாங்கலாம், எதனை வாங்கலாகாது என்பதில் கருத்துச் செலுத்தவேண்டும். பெட்டி, தூளி, தள்ளுவண்டி, கம்பளிச் சட்டை, விரிப்பு இவற்றில் தயக்கம் வேண்டா. நன்கு துவைத்த பழந்துணி புதுத்துணியினும் மென்மையானது. நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு முதலில் பழம்புடவைத் துணியைச் சுற்றுவதும் அது பற்றியே. பால்புட்டியின் ரப்பர் முனையைப் புதிதாகத்தான் வாங்கவேண்டும். மருந்து எதனையும் பிறர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லலாகாது. தூளியை வாங்கியதும் தையலையும் கொக்கியையும் இழுத்துப் பார்ப்பது நலம். முதலில் ஒரு பொதி அரிசியை வைத்துக் கட்டிப் பார்த்தவர்களை நாம் அறிவோம். சிரிப்புக்கு இடமானாலும் அது நல்ல சோதனை.

மிகவும் எச்சரிக்கை வேண்டுவது காரில் பொருத்தும் குழந்தை இருக்கை. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சிறு குழந்தையைக் காரில் ஏற்ற அது சட்டப்படி கட்டாயம். விமான நிலையத்திலிருந்து வீடு செல்லவும் அது வேண்டும். நம் நாட்டிலும் 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வார்ப்பட்டையாலோ உரிய இருக்கையாலோ பாதுகாக்கவேண்டும் என்கிறது. இவ்விருக்கை பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலிலும் காலத்தாலும் உறுதி குன்றும். எனவே செய்தோர் அதன் அடியில் பயன்படுத்தும் கால எல்லையைக் குறித்திருப்பர். விபத்தில் சிக்கிய இருக்கை, வெளிப்பார்வைக்குப் பழுதில்லாவிடினும், பயன்படாது. அதன் வரலாற்றை அறிந்தவரிடமிருந்து மட்டுமே அதனை இரவல் பெறலாம் என்பது இதனால் பெறப்படும். அத்துடன் வரும் குறிப்புப் புத்தகத்தையும் கேட்டு வாங்குவது நன்று. நம் அலுவலக நண்பர் ஒருவர் அதனை வாங்காமல் இருக்கையை மட்டும் சுமந்து சென்று, வாடகைக் காரின் வார்ப்பட்டையை எந்தத் துளையில் நுழைப்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் திண்டாடினார்.

அவர் அயல்நாடு செல்லவில்லை. டில்லியில் வாழும் அவரும் அவர் மனைவியும் மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்தபின், கேரளத்து மலைப்பகுதியில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று உள்ளதாகச் செய்தி பெற்றனர். இசைவைத் தெரிவிக்க விதிப்படி நாற்பத்தெட்டு மணி நேரமே உண்டு. அதன்பின் நேரில் சென்று குழந்தையைக் கண்டு, மருத்துவ அறிக்கையைப் படித்து, ஏற்புக் கையெழுத்து இடவேண்டும். நீதிபதி முன்பு செய்து வந்த தத்து ஆணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அவ்வாணை வருமுன்னரே குழந்தையை வளர்ப்புப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். சொந்த ஊரில் இருந்திருந்தால் அக்கா வீட்டுத் தொட்டில், சித்தி வீட்டுப் பாலாடை என்று யாவும் மாலைக்குள் வந்து சேர்ந்திருக்கும். டில்லிக் குடியிருப்பில் அவர்க்கு அக்காவும் இல்லை, சித்தியும் இல்லை. மேல்மாடி வங்காளிக் குடும்பம் பெட்டியைத் தந்தது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கம்பளிச் சட்டைகள் தந்தார். முன்னரே தத்தெடுத்திருந்த மற்றொரு தமிழ்க் குடும்பம் தூளியைத் தந்தது.

தூளியைத் தந்த அம்மையார் ஒரு சொல்லும் சொல்லியனுப்பினார். குழந்தை இல்லத்தில் அது படுத்திருந்த விரிப்பில் ஒரு துண்டையாவது கேட்டு வாங்கிவர வேண்டும். அதனைச் சில நாள் துவைக்கவே கூடாது. முகமும் குரலும் உணவும் எல்லாம் ஒரே நாளில் மாறிப்போகும் குழந்தைக்குப் பழகிய மணம் ஒன்றே மிஞ்சியிருக்கும் என்றார். இல்லத்தில் கொடுத்து வந்த அதே பால்மாவையே முதலில் தொடரவேண்டும் என்பதும் அவர் சொன்னதே. சட்டைகளை இரவல் பெறலாம். இந்தத் துணி மட்டும் குழந்தையின் சொத்து. நண்பர் கேட்டபோது இல்லத்துப் பணிப்பெண் ஒரு பச்சைக்கரைத் துண்டை மடித்துக் கொடுத்தாராம்.

திரும்பும்போது போடிநாயக்கனூரில் இருக்கும் பாட்டிக்குக் குழந்தையைக் காட்டவேண்டும் என்று விரும்பினர். வழியில் ஓர் இரவு சூரியநெல்லியில் நம் தமக்கையார் வீட்டில் தங்கினர். மறுநாள் பூப்பாறை வழியாகப் போடிமெட்டு ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கவேண்டும். விடியற்காலையில் மெட்டில் பனி கண்ணை மறைக்கும். பஞ்சாபி அம்மையாரின் கம்பளிச் சட்டைகள் இரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியவை. கை நீண்டு தொங்கின. தமக்கையார் உள்ளே சென்று தோட்டத்துக் கம்பளியை எடுத்துவந்து, பச்சைக்கரைத் துண்டை உள்ளே வைத்து, அதன்மேல் சுற்றிக் கொடுத்தார். "போடியில கழட்டிருங்க, கீழ வெக்கையா இருக்கும்" என்று சொன்னாராம். அங்கிருந்து ரயில் ஏறினர். 2010 ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஆம் ஆண்டில் அகலப் பாதையில் மீண்டும் ஓடத் தொடங்கியது அவர்க்குப் பேருதவியாயிற்று.

ஆறு மாதம் கழித்துக் கம்பளி அஞ்சல் வழியாகச் சூரியநெல்லிக்கு வந்து சேர்ந்தது. மடிப்புக்குள் ஒரு பொட்டலம் சோன் பப்டியும், குழந்தைக்குச் சிறியதாகிப் போன காலுறை இரண்டு சோடியும் இருந்தன. காலுறை மூன்றாம் லயனில் சென்ற மாதம் பிறந்த பிள்ளைக்குப் போய்விட்டது என்று தமக்கையார் நமக்கு எழுதியிருந்தார். தூளி இப்போது பரீதாபாத்தில் உள்ள வேறொரு குடும்பத்திடம் இருக்கிறது. அவர்களுக்கு இன்னும் செய்தி வரவில்லை.