மழைக்கு ஒரு பூட்டு!

ஆபீஸில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் முதலில் விடும் மிரட்டல் என்ன? 'உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்!' திண்டுக்கல்காரரிடம் இது பலிக்குமா என்பது சந்தேகம்தான். கோடையில் அவர் ஏற்கெனவே குடத்தோடு நிற்கிறவர்!

ஜோக் இருக்கட்டும். திண்டுக்கல்லுக்கு மேற்கே கொடைக்கானல் மலை. தென்மேற்குப் பருவமழை மேகங்கள் பெரும்பாலும் அங்கேயே காலியாகிவிடும். ஊர் நம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். மாவட்டத்தின் ஆண்டு சராசரியே சுமார் 800 மில்லிமீட்டர். (சென்னைக்குச் சுமார் 1,400.) ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் தண்ணீர் வரவேண்டும்.

'சொந்தக் கிணறு என்னாச்சு?' என்கிறீர்களா? அது சோகக் கதை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு மண்ணில் இறங்கியது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்கள், 467 கிணறுகள், அதில் 350 கெட்டுப்போனவை! நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் லேசில் தேறாது. நல்ல மழைநீர் இறங்க இறங்கத்தான் உப்பு நீர்த்துப்போகும்.

அந்த மழைநீர் எங்கே? உங்கள் தலைக்கு மேலே!

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை. சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் சுமார் 60 ஆயிரம் லிட்டர் தேறும். நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது சர்க்கார் கணக்கு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நூறு நாளைக்கு மேல் வரும். தெருவில் 20 வீடு சேர்ந்தால் 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நூறு லோடு! இத்தனையும் இப்போது சாக்கடைக்குப் போகிறது, டிப்ஸ் மாதிரி.

2003-லேயே எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. அவசர அவசரமாகக் குழாய் மாட்டினோம். பல வீடுகளில் குழாய் மட்டும் மிச்சம். குழி மண் மூடிப்போச்சு. ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாடியைப் பெருக்குங்கள். முதல் மழையை வெளியே விடுங்கள், அழுக்கெல்லாம் அதில் போகும். அப்புறம் வருவதை ஜல்லி, மணல் போட்ட குழி வழியாகக் கிணற்றுக்கோ போர் பக்கமோ இறக்குங்கள். செப்டிக் டேங்க் பக்கத்தில் மட்டும் குழி வேண்டாம். தொட்டியில் பிடிப்பதானால் கொசுவலை போட்டு மூடுங்கள்.

முன்னைவிட இப்போது இது அவசரம். உலகம் சூடாகிறது. வெப்பம் 1 டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். காயும்போது காய்ந்து, கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். கொட்டுகிற அன்றைக்குப் பிடிக்காவிட்டால் போச்சு!

கோடையிலும் அதே மாடி கைகொடுக்கும். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ராத்திரி ஃபேன் அனல் காற்று வீசாது. மேற்குச் சுவர் பக்கம் ஒரு வேம்போ புங்கையோ இருந்தால் இன்னும் விசேஷம்.

'வாடகை வீடு ஸார், நமக்கென்ன?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. குடத்தோடு ஓடுவது ஓனரா, நீங்களா? நாலு குடித்தனக்காரர்கள் சேர்ந்துபோய்ப் பேசுங்கள். 'லாரிக்குக் கொடுக்கிற காசு மிச்சம்' என்று ஆரம்பித்தால் எந்த ஓனரும் காது கொடுப்பார்!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? ஒரு சாயங்காலம் மலைக்கோட்டை ஏறுங்கள். 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பித்தது. எதிரி முற்றுகை போட்டால் கீழே வந்தா தண்ணீர் மொள்ள முடியும்? பாறையில் விழும் மழையை மேலேயே தேக்கினார்கள். மோட்டார் இல்லை, பைப் இல்லை, ஜி.ஓ.வும் இல்லை!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பீரோவுக்கு நல்ல பூட்டாகப் போட்டாச்சு. மழைக்கு எப்போது?