விபத்தை வீதியிலேயே பேசி முடிக்கலாமா?

பதுளை வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் இடம் செங்கலடிச் சந்தி. எனது மாணவர்கள் நாள்தோறும் கடக்கும் இவ்வீதிகளில் விபத்து நடந்தால், "பொலிஸுக்குப் போகாமல் பேசி முடியுங்கள்" என்று கூடி நிற்போர் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்லெண்ணம்தான். ஆனால் யாராவது காயப்பட்டிருந்தால், அது அவருக்குச் செய்யும் அநீதி.

மோட்டார் வாகனச் சட்டப்படி சாரதி வாகனத்தை நிறுத்தி, காயப்பட்டவருக்கு உதவி, பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். முதலில் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்; அடுத்து 119. பொலிஸார் இடத்தை அளந்து வரைபடம் கீறி, வாக்குமூலம் பதிவார்கள். பின்னர் காப்புறுதி நட்டஈடு கோரும்போது இப்பதிவே கைகொடுக்கும்.

சாரதி மது அருந்தியிருந்தால் தாமதம் அவருக்கே சாதகம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரமே சட்ட எல்லை. நேரம் செல்லச் செல்ல அந்த அளவு குறையும். மறுநாள் முறையிட்டால் சான்று இருக்காது. 'ஐஸ்' போன்ற போதைப்பொருளைப் பலூன் பரிசோதனை காட்டாது. அதற்கு வைத்தியப் பரிசோதனை வேண்டும்.

மன்னிப்பது உயர்ந்த பண்பு. ஆனால் மன்னிக்கும் உரிமை காயப்பட்டவருக்குரியது. கூடி நிற்கும் எமக்குரியதல்ல.