ஈஸ்ட்ரோஜன்: வீட்டார் அனைவரும் அறிய வேண்டியது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய உம்மாவுக்கு நள்ளிரவில் திடீரென உடம்பெல்லாம் அனலாய்க் கொதிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. தூக்கம் கெடுகிறது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. "உம்மா இப்போதெல்லாம் சும்மா சும்மா கோபப்படுகிறார்கள்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். குணம் மாறிவிடவில்லை, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைந்து வருகிறது.

இது பெரும்பாலும் சினைப்பையில் சுரக்கிறது. பெண் பிள்ளை பருவமடைவதும், மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர் தடிப்பதும் இதனால்தான். எலும்பின் உறுதியைக் காப்பதிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்களின் உடலிலும் சிறிதளவு உண்டாகிறது. அவர்களுடைய எலும்புக்கும் அது தேவை.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். அதன்பின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. வயதான பெண்கள் லேசாக வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது என்பது 1975இல் தெரியவந்தது. அதனால் இன்று அவர்களுக்குப் புரோஜெஸ்டோஜன் என்ற மருந்தையும் சேர்த்தே தருகிறார்கள். 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இந்தக் கூட்டு மருந்தால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தம் உறைதல் ஆகியவை சற்றுக் கூடுவது தெரிந்ததும் அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்தினார்கள். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு. எனவே பயந்து ஒதுங்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கவும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் பட்டால், சிறு துளியானாலும், "மறுபடி வந்துவிட்டது" என்று இருந்துவிடக் கூடாது. தொழுகைக்கான சட்டத்தை ஆலிமிடம் கேட்பதோடு நின்றுவிடாமல், தாமதிக்காது மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

வெட்கப்பட்டு உம்மா சொல்லாமல் இருக்கலாம். நீங்களே கேளுங்கள்.