காரின் பின்புற ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும்: பழுதறிதலும் மாற்றுதலும்

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே காரின் பின் கதவுகளிலோ பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டிலோ பொருத்தப்பட்டிருக்கும் ஒலிபெருக்கிகள் பின்புற ஸ்பீக்கர்கள் எனப்படும். ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த ஒலியை மட்டும் தருவதற்கென அமைந்த பெரிய ஸ்பீக்கர் சப்வூஃபர் ஆகும்.

பின்னால் சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்குவது பலரது வழக்கம். ஆனால் ஒலி வரும் பாதையில் ஸ்பீக்கர் கடைசிக் கண்ணி மட்டுமே. அதற்கு முன்னால் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், ஃபியூஸ், கப்ளர், ஒயர் ஆகியவை உள்ளன. அளந்து பார்க்காமல் மாற்றினால் பணம் வீணாகும். ஓம் பொருந்தாத ஸ்பீக்கரைப் போட்டால் அதுவரை நன்றாக இருந்த ஆம்ப்ளிஃபையரும் கெட்டுவிடக்கூடும்.

அமைப்பு

இந்தியாவில் ஓடும் கார்கள் பலவற்றில் கதவு ஸ்பீக்கர்கள் 6.5 அங்குல வட்ட வடிவில் இருக்கும். சில செடான் கார்களின் பின் தட்டில் 6x9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர் பொருந்தும். சாதாரண அமைப்பில் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையரே நான்கு ஸ்பீக்கர்களையும் இயக்குகிறது. அவை பெரும்பாலும் 4 ஓம் அளவுடையவை.

உயர்விலை மாடல்களில் அமைப்பு வேறு. 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹூண்டாய் கிரெட்டாவின் போஸ் அமைப்பிலும், 2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700இன் சோனி அமைப்பிலும் தொழிற்சாலையிலேயே சப்வூஃபர் சேர்க்கப்பட்டது. இத்தகைய அமைப்புகளில் ஆம்ப்ளிஃபையர் ஸ்டீரியோவுக்கு வெளியே தனியாக இருக்கும். ஸ்பீக்கர்கள் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவாக இருக்கலாம். ஆகவே சாதாரண அமைப்புக்குச் சொல்லப்படும் முறையை இவற்றுக்கு அப்படியே பின்பற்றக் கூடாது.

செஞ்சி போன்ற ஊர்களின் சூழல்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் – திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் கருங்கல் குன்றுகளுக்கு நடுவே அமைந்த ஊர் செஞ்சி. இங்குள்ள கோடை வெயிலும், ஐப்பசி கார்த்திகை மழையும், கிராமச் சாலைகளின் புழுதியும் ஸ்பீக்கரைப் பாதிக்கும் மூன்று காரணங்கள்.

வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் வெளிவெப்பத்தைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் இந்தச் சூடு நேரடியாக விழுகிறது. அங்குள்ள ஸ்பீக்கரின் கோனைச் சுற்றியுள்ள நுரை வளையம் நாளடைவில் பொடிந்து உதிரும். கதவு ஸ்பீக்கருக்கு வெயிலைவிட ஈரமே பகை. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் கீழுள்ள துளைகளால் வெளியேற வேண்டும். புழுதி அத்துளைகளை அடைத்தால் நீர் தேங்கி, கப்ளரில் பச்சை படியும். காகிதக் கோன் ஊறிப்போகும். ஸ்பீக்கரைக் கழற்றும்போது இத்துளைகளையும் ஒரு குச்சியால் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இத்தகைய ஊர்களில் கார் வைத்திருப்போர் பலர் ஸ்பீக்கர் வாங்கப் புதுச்சேரிக்கோ, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ செல்கின்றனர். அவ்வளவு தூரம் போவதற்கு முன் பழுது எங்கே என்று வீட்டிலேயே அறிந்துகொள்வது நல்லது.

பழுதை அறியும் முறை

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

1. ஸ்டீரியோவின் ஃபேடர், பேலன்ஸ் அமைப்புகளைப் பார்க்கவும். ஃபேடர் முழுவதும் முன்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் பின்னால் ஒலி வராது.

2. வானொலி, புளூடூத், யூஎஸ்பி மூன்றிலும் கேட்டுப் பார்க்கவும். ஒன்றில் மட்டும் குறை என்றால் ஸ்பீக்கரில் பழுது இல்லை.

3. எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் ஃபியூஸையும் ஆம்ப்ளிஃபையரையும் பார்க்க வேண்டும். நான்கு ஸ்பீக்கர்கள் ஒரே நாளில் பழுதாவது அரிது.

4. கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால், கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கலாம்.

5. ஸ்பீக்கரைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, அதன் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் அளக்கவும். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 ஓம் காட்டும். அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்துள்ளது. சுழியத்துக்கு அருகில் காட்டினால் காயில் உள்ளுக்குள் ஒட்டியுள்ளது.

6. கோனை இரு பக்கமும் விரல்களால் மெதுவாக அழுத்தவும். உரசும் சத்தம் வந்தால் காயில் காந்தத்தில் தேய்கிறது.

7. ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், பாடல் ஒலிக்கும்போது அதற்கு வரும் ஒயர் முனைகளை ஏசி வோல்ட்டில் அளக்கவும். பாடலுக்கேற்ப அளவு ஏறி இறங்கினால் மின்சாரம் வருகிறது. எதுவும் காட்டாவிட்டால் பழுது அதற்கு முன்னால் உள்ளது.

இச்சோதனையில் ஒயர் முனைகள் ஒன்றையொன்றோ காரின் உடலையோ தொடக்கூடாது. கார் ஸ்டீரியோவில் ஸ்பீக்கரின் இரு ஒயர்களிலும் மின்னழுத்தம் உண்டு. நெகட்டிவ் ஒயரும் எர்த் அல்ல. அது தகரத்தில் பட்டால் ஆம்ப்ளிஃபையர் எரியக்கூடும்.

கடகடவென்ற அதிர்வு எல்லாமே ஸ்பீக்கர் பழுது அல்ல. உடைந்த டோர் பேட் கிளிப், தளர்ந்த நம்பர் பிளேட், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி ஆகியவையும் தாழ்ந்த ஒலிக்கு அதிரும். பாடலை ஓடவிட்டு ஒவ்வோர் இடமாகக் கையால் அழுத்தினால் இடம் தெரிந்துவிடும்.

புதிய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது ஓம். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து இருமடங்கு மின்னோட்டம் இழுக்கப்பட்டு அது சூடாகும். 2 ஓம் இடத்தில் 4 ஓம் போட்டால் கேடில்லை. ஆனால் ஒலி குறையும்.

அடுத்தது வாட். அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண் பெரும்பாலும் கணநேர உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும். ஸ்டீரியோவில் 50x4 வாட் என்று எழுதியிருப்பதையும் இப்படியே பார்க்க வேண்டும். அதன் பின்னுள்ள ஃபியூஸ் 10 ஆம்பியர் என்றால், 14 வோல்ட்டில் உள்ளே செல்வது அதிகபட்சம் 140 வாட். அதில் ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போனால் ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 17 அல்லது 18 வாட்தான்.

ஆகவே தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத காருக்கு 300 வாட் ஸ்பீக்கர் தேடுவதில் பயனில்லை. சென்சிட்டிவிட்டி எனப்படும் உணர்திறன் 90 டெசிபலுக்கு மேல் உள்ளதை வாங்குவதே மேல். உணர்திறன் 3 டெசிபல் கூடினால், ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இருமடங்காக்கிய பலன் கிடைக்கிறது.

மூன்றாவது ஆழம். காந்தம் பெரிதாக இருந்தால் கீழிறங்கும் கதவுக் கண்ணாடி அதில் இடிக்கும். பொருத்துமுன் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பார்க்க வேண்டும்.

பொருத்துதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் கழித்து வேலையைத் தொடங்க வேண்டும். சில ஸ்டீரியோக்கள் மீண்டும் இயங்கக் குறியீட்டு எண் கேட்கும். அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளவும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடக்கூடாது.

தொழிற்சாலை ஸ்பீக்கர் ரிவெட் அடித்திருந்தால் துளையிட்டு எடுத்து, உலோகத் துகள்கள் முழுவதையும் அகற்ற வேண்டும். டோர் பேடுக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, முன்போலவே ஒட்ட வேண்டும். மழைநீரை உட்புறம் வராமல் தடுப்பது அதுவே.

கம்பெனி ஒயரை வெட்டாமல், அந்தக் காருக்கு உரிய கப்ளர் வாங்கி இணைப்பது நல்லது. வெட்டிய ஒயர் வாரண்டி கேட்கும்போது சிக்கலாகும். வெளிச்சந்தை ஸ்டீரியோக்களில் பின் இடது ஸ்பீக்கருக்குப் பச்சை, பின் வலதுக்கு ஊதா, நெகட்டிவுக்கு அதே நிறத்தில் கறுப்புக் கோடு என்பது பொது வழக்கம். கார் நிறுவனங்களின் நிறங்கள் வேறுபடும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் குறி தெரியாத ஸ்பீக்கரைக் கழற்றிய நிலையில் 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கோன் வெளிப்பக்கம் நகர்ந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் பட்ட முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாற்றி இணைக்கப்பட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். புதிய ஸ்பீக்கர் போட்டும் கனம் இல்லை என்போர் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

சப்வூஃபர்

மற்றவை ஒலிக்க, தொழிற்சாலை சப்வூஃபர் மட்டும் நின்றிருந்தால் அதன் காயிலையும் ஒயரையும் அளக்க வேண்டும். சிலவற்றில் இரண்டு காயில்கள் இருக்கும். இரண்டையும் தனித்தனியே அளக்கவும். மாற்றும்போது அதே ஓம், அதே எண்ணிக்கையிலான காயில் கொண்டதையே போட வேண்டும்.

புதிதாகச் சப்வூஃபர் சேர்ப்போருக்குப் பாதுகாப்பே முதன்மை. 300 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப்ளிஃபையர் 75 விழுக்காடு திறனுடன் இயங்கினால் 400 வாட் இழுக்கும், அது 13.5 வோல்ட்டில் ஏறத்தாழ 30 ஆம்பியர். இதற்கு 8 கேஜ் செம்பு ஒயரும், பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஒரு ஃபியூஸும் தேவை. அந்த ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்கானது. அது இல்லாமல் ஒயர் எங்காவது தேய்ந்து தகரத்தில் பட்டால் கார் தீப்பற்றும்.

மலிவான ஒயர்களில் செம்பு பூசிய அலுமினியம் உண்டு. அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான். இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அத்தகைய ஒயரானால் ஒரு படி தடித்ததை வாங்க வேண்டும்.

எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய தகரத்தில் இறுக்க வேண்டும். எஞ்சின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால், முதலில் இந்த எர்த்தையும், அடுத்துச் சிக்னல் ஒயர் பவர் ஒயரோடு சேர்ந்து போகிறதா என்பதையும் பார்க்கவும். சிக்னல் ஒயரை ஒரு பக்கமும் பவர் ஒயரை மறுபக்கமும் கொண்டுபோவது முறை.

இறுதியில் சப்வூஃபரின் லோ பாஸ் அளவை 80 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, கெயினைக் குறைந்த நிலையிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். ஒலி பிளிறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். பிளிறலோடு தொடர்ந்து ஓட்டினால் புதிய காயிலும் கருகிவிடும்.