அகழாய்வு ஒரு தொழிலாகுமா?

"மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று நம் மாணவியரைக் கேட்டால் டாக்டர், டீச்சர், நர்ஸ் என்றே விடை வரும். தொல்லியல் என்பவர் அரிது. ஆனால் திருப்பாலைவனத்தாருக்கு அத்துறை அந்நியமானதன்று. பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைக் காத்து வருவது இந்தியத் தொல்லியல் துறையே. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொசஸ்தலையாற்றுப் பக்கம், அறிஞர் உலகம் அறிந்த அத்திரம்பாக்கமும் இருக்கிறது.

1863-இல் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தவர் இராபர்ட் புரூஸ் பூட். அவர் சம்பளம் வாங்கியதோ நிலவியல் துறையில்! தொல்லியல் அவருக்கு உபரி வேலைதான்.

1999-இல் அவ்விடத்தை மீண்டும் அகழத் தொடங்கியவர் ஒரு பெண்மணி, டாக்டர் சாந்தி பப்பு. அகழ்குழியில் மண்ணை அடுக்கடுக்காக நீக்கவேண்டும். ஒவ்வொரு கல்லும் கிடந்த ஆழத்தை அளந்து குறிக்கவேண்டும். பிறகு கற்களும் மண்ணும் ஆய்வுக்கூடங்களுக்குச் செல்லவேண்டும். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்ற முடிவு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது 2011-இல். இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! அடுத்த பெரிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வர 2018 ஆயிற்று.

ஆக, இத்தொழிலில் பெயர் கிடைப்பது அறிக்கை அச்சேறிய பிறகே. அதற்கும் தடைகள் உண்டு. கீழடியில் 2014 முதல் அகழாய்வு நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 2023-இல் அளித்த 982 பக்க அறிக்கையை, திருத்தம் கோரி 2025-இல் துறை திருப்பியது. குழியில் மண் சுமக்கும் கிராமத்துப் பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. நிரந்தரப் பதவிகள் குறைவு; தேர்வாணையத் தேர்வு எழுதித்தான் பெறவேண்டும். முதலில் முதுகலைப் பட்டம் தேவை. மத்தியத் துறையின் பட்டயப் படிப்புக்கு 2020-இல் வந்த அறிவிப்பில் தமிழ் எம்.ஏ. விடுபட்டிருந்தது, கண்டனம் எழுந்தபின் சேர்க்கப்பட்டது. மாநிலத் துறையும் சென்னையில் பட்டயப் படிப்பு நடத்துகிறது.

வெயிலில் அலையும் வேலை பெண்ணுக்கு ஆகுமா என்பாரும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1981-இலேயே அமர்ந்தவர் தேபலா மித்ரா என்னும் பெண்மணி.

அத்திரம்பாக்கத்துக்கு அருகே பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குச் சிஸ்டர்கள் மனம் வைத்தால், அக்கற்கருவிகளை நேரில் பார்த்துவரலாம்.